கடைசியில் வா, முதலில் போ

ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் சொம்பைத் தூக்கிக்கொண்டு கூழ்ப் பானையைச் சுற்றி நிற்கும்போது, நான் மட்டும் மைக் செட் பக்கத்தில் நிற்பேன். வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். கீழே ஒரு மர மேசை. மேசைமேல் கேசட் போடும் டேப் செட், அதன் பக்கத்தில் சின்ன மிக்ஸர், அதற்கும் பக்கத்தில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியை மைக் செட் அண்ணன் ‘ஆம்ப்ளி’ என்று செல்லமாகக் கூப்பிடுவார். ஆம்பிளிஃபயர் என்ற முழுப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் அவர் கூழ் குடிக்கப் போனபோது, “தம்பி, பார்த்துக்கோ, எதையும் தொடாதே” என்று சொல்லிவிட்டுப் போனார். தொடாதே என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? எல்லாம் அணைந்து கிடந்தது. முதலில் ஆம்ப்ளி ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் மிக்ஸர் ஸ்விட்சைத் தட்டினேன்.

டொம்!

வேப்பமரத்துக் காக்கை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி, “யார்டா வெடி போட்டது?” என்று எழுந்துவிட்டார். அண்ணன் கூழ்ச் சொம்போடு ஓடி வந்தார். நல்லவேளை, அடிக்கவில்லை. குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஸ்பீக்கர் யூனிட்டு பொழச்சிடுச்சு” என்றார். பிறகு எனக்கு ஒரு பாடம் நடத்தினார்.

“தம்பி, கல்யாணத்துக்கு மந்திரி எப்படி வருவாரு? எல்லாரும் வந்து உட்கார்ந்ததுக்கு அப்புறம் கடைசியா வருவாரு. போகும்போது? முதல் ஆளா கிளம்பிடுவாரு. ஆம்ப்ளி நமக்கு மந்திரி மாதிரி. கடைசியா போடணும். முதல்ல அமுக்கணும். ஏன்னு எல்லாம் கேட்காதே.”

ஏன் என்று கேட்காதே என்றால் அதுதானே மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கும்! அதற்குப் பதில் கிடைக்க எனக்குப் பல வருடம் ஆனது. உங்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழுதான ரேடியோவிலோ பொம்மையிலோ இருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால் நல்லது. எதனோடும் இணைக்காத தனி ஸ்பீக்கராக இருக்க வேண்டும். முன்பக்கம் காகிதத்தால் ஆன ஒரு கூம்பு. பின்பக்கம் கனமான ஒரு காந்தம். கூம்பின் அடியில், காந்தத்தின் சின்ன இடுக்குக்குள், மெல்லிய செப்புக் கம்பிச்சுருள் ஒன்று எதையும் உரசாமல் தொங்கிக்கொண்டிருக்கும். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதுவும் ஒரு காந்தமாகிவிடும். பெரிய காந்தம் அதைத் தள்ளும் அல்லது இழுக்கும். கூம்பும் கூடவே முன்னே பின்னே போகும். கூம்பு காற்றைத் தள்ளுகிறது, காற்று உங்கள் காதைத் தட்டுகிறது. இவ்வளவுதான் ஸ்பீக்கர்.

சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, இரண்டு சின்ன வயர்களால் அந்தத் தனி ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கூம்பு ஒரு பக்கமாகக் குதிக்கும். வயரை எடுத்தால் இன்னொரு ‘டக்’, கூம்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் கூம்பு எதிர்ப்பக்கம் குதிக்கும். வயர் ஒட்டியிருக்கும்போது கவனித்தீர்களா? கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்கிறது, சத்தமே இல்லை. ஆனால் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சுருள் சூடாகிக்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் ஒரு நொடி போதும் என்றேன்.

பாட்டு என்பது மாறி மாறி வரும் மின்சாரம். முன்னே தள்ளும், பின்னே இழுக்கும், ஒரு நொடியில் நூறு தடவை, ஆயிரம் தடவை. அந்த ஆட்டத்துக்காகத்தான் ஸ்பீக்கர் செய்யப்பட்டிருக்கிறது. பேட்டரி தருவது ஒரே திசையில் தள்ளும் மின்சாரம். ஒரு திசையில் மட்டும் பலமாகத் தள்ளுவது ஸ்பீக்கருக்குப் பிடிக்காது. நான் கேட்ட ‘டொம்’ அந்தப் பேட்டரி ‘டக்’கின் பெரியண்ணன்தான்.

அப்படியானால் அந்தப் பெரிய ‘டக்’கை யார் அனுப்பியது? டேப் செட்டில் கேசட்டே போடவில்லை. மைக்கும் இல்லை.

இங்கேதான் நம் எல்லாருக்கும் ஒரு தப்பெண்ணம். ஸ்விட்சைத் தட்டியதும் கருவி வேலைக்குத் தயாராகிவிடுகிறது என்று நினைக்கிறோம். தட்டுவது நமக்கு ஒரு கணம். கருவிக்குள்ளோ அது சில நொடிகள் நடக்கும் பெரிய கூத்து.

வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் இருக்கிறீர்களா? காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் ‘புஸ்’ என்று காற்று, அப்புறம் ‘தப் தப்’ என்று துப்பல், கொஞ்சம் சேற்று நிறம், பிறகுதான் சீரான தண்ணீர். அந்த முதல் துப்பலின்போது குழாயடியில் முகத்தை வைத்திருந்தால் என்ன ஆகும்? மிக்ஸருக்குள்ளும் இப்படித்தான். மின்சாரம் வருவதற்கு முன் உள்ளே எல்லாம் காலி. மின்தேக்கி என்று ஒரு பொருளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப் போகிறீர்கள். பெயரே சொல்லிவிடுகிறது, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டித் தொட்டி. மிக்ஸருக்குள் அப்படிப் பல தொட்டிகள் உண்டு. ஸ்விட்ச் போட்டதும் அவை நிரம்பத் தொடங்கும். ஒன்று சீக்கிரம் நிரம்பும், ஒன்று மெதுவாக நிரம்பும். எல்லாம் நிரம்பி அடங்கும்வரை, வெளியே போகும் வயரில் மின்னழுத்தம் ஒரு குதி குதித்துவிட்டுத்தான் அமைதியாகும். அந்தக் குதிப்பில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. குழாயின் முதல் துப்பல்தான் அது.

ஆம்ப்ளிக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். அதன் வேலை ஒன்றே ஒன்று. வந்ததைப் பெரிதாக்கி அனுப்பு. குயில் பாட்டு வந்தாலும் பெரிதாக்கும், கொட்டாவி வந்தாலும் பெரிதாக்கும். வந்த மின்னழுத்தத்தை 20 மடங்காக்கும் ஓர் ஆம்ப்ளியை வைத்துக் கணக்குப் போடலாம். மிக்ஸர் அரை வோல்ட் குதித்தால் போதும், ஸ்பீக்கரில் 10 வோல்ட் வந்து இறங்கும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், 10-ஐ 10-ஆல் பெருக்கி 8-ஆல் வகுங்கள். 12.5 வாட். பேட்டரி வைத்துப் பார்த்த உங்கள் ‘டக்’ அரை வாட் கூடத் தேறாது. காக்கை ஏன் பறந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆம்ப்ளி அணைந்திருக்கும்போது மிக்ஸர் என்ன குதி குதித்தாலும் கேட்க ஆள் இல்லை. துப்புவதை எல்லாம் துப்பி முடித்து அது அடங்கிய பிறகு, சத்தக் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆம்ப்ளியைப் போட்டால், காட்டிக் கொடுக்க எதுவும் மிச்சமிருக்காது. மந்திரி வருவதற்குள் பந்தலில் எல்லாரும் நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, போகும்போது மட்டும் ஏன் மந்திரி முதலில் போக வேண்டும்? இது இன்னும் சுவாரசியமான கேள்வி. நான் சொல்வதைவிட நீங்களே ஒன்றைக் கவனித்தால் நல்லது. வீட்டில் ஸ்பீக்கர் செட் பாடிக்கொண்டிருக்கும்போது, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். சில செட்டுகளில் பாட்டு உடனே நிற்காது. ஒரு நொடி, இரண்டு நொடி பாடிவிட்டு, குரல் கரகரத்து, மூச்சு இழுத்து அடங்கும். முன்னால் எரியும் சின்ன விளக்கு அதற்கும் பிறகுதான் மெல்ல மங்கும். கரண்ட் போன பிறகும் பாடியது எது? தொட்டியில் மிச்சமிருந்த மின்சாரம்தான்.

பெரிய ஆம்ப்ளிகளில் இந்தத் தொட்டி ஒரு சோடா பாட்டில் மூடியிலிருந்து தண்ணீர் டம்ளர் அளவுவரை இருக்கும். 10,000 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒன்றை 50 வோல்ட்டுக்கு நிரப்பினால் 12.5 ஜூல் ஆற்றல் உள்ளே நிற்கும். ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து உங்கள் நெஞ்சு உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே காத்திருக்கலாம். “பிளக்கை எடுத்தாச்சே, மூடியைத் திறந்து பார்க்கலாமே” என்று ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். 1746இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் முஷென்புரூக் என்ற பேராசிரியர், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைத் தேக்கி, அதைக் கையால் தொட்டு வாங்கிய அடியை ஐரோப்பாவுக்கே கடிதம் எழுதிச் சொன்னார். அந்த ஜாடிதான் இன்றைய மின்தேக்கிக்கு மூதாதை. அவர் பட்டுவிட்டார். நாம் மறுபடி படத் தேவையில்லை. பெட்டியைத் திறப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

அணைக்கும் வரிசைக்கு வருவோம். மிக்ஸரை முதலில் அணைத்தால், காலியாகும் அதன் குட்டித் தொட்டிகள் மறுபடியும் ஒரு குதி குதிக்கும். ஆம்ப்ளி அப்போது முழு பலத்தோடு விழித்திருக்கிறது. டொம்! ‘நான் ரொம்ப புத்திசாலி, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஒரே ஸ்விட்சில் அணைக்கிறேன்’ என்கிறீர்களா? அதுவும் பலிக்காமல் போகலாம். மிக்ஸரின் தொட்டி சின்னது, ஆம்ப்ளியின் தொட்டி பெரியது. மிக்ஸர் தன் கடைசி மூச்சை விடும்போது ஆம்ப்ளிக்கு இன்னும் இரண்டு நொடி உயிர் இருக்கும். அந்தக் கடைசி மூச்சை அது ஊருக்கே ஒலிபரப்பிவிடும். ஆகவே ஆம்ப்ளியை முதலில் அணைத்து, அதன் தொட்டி வற்ற ஒரு பத்து எண்ணிக்கை விட்டு, பிறகு மற்றவற்றை அணைப்பதுதான் முறை. பெரிய அரங்குகளில் இந்தப் பத்து எண்ணிக்கையை மனிதன் எண்ணுவதில்லை. சீக்வென்சர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் கருவிகளை வரிசையாக, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எழுப்பும். அணைக்கும்போது அதே வரிசையைத் தலைகீழாகச் செய்யும். எங்கள் ஊர் அண்ணனின் மூளையை ஒரு பெட்டிக்குள் வைத்த மாதிரி.

ஓர் உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு ‘டொம்’மில் வீட்டு ஸ்பீக்கர் பொதுவாகச் செத்துவிடாது. இதைப் பற்றிப் பெரியவர்கள் சிலர் ரொம்பவே பயமுறுத்துவார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் சத்தக் குமிழ் உச்சத்தில் இருக்க, பெரிய ஆம்ப்ளியிலிருந்து, தினமும் காலையும் மாலையும் அந்த உதை விழுந்தால் கம்பிச்சுருள் தன் இடுக்கைவிட்டு விலகி உரசத் தொடங்கும். அதன் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் தொண்டை கட்டிய குரல்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு செட்டைப் போடுகிறவர்களுக்கு மட்டும் என் எச்சரிக்கையில் தள்ளுபடி கிடையாது. முதலில் போடுங்கள், அப்புறம் மாட்டுங்கள். ஸ்பீக்கரை மாற்றிவிடலாம், காதுக்கு மாற்று இல்லை.

புதிய செட்டுகள் இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு தந்திரம் செய்கின்றன. போட்டவுடன் விளக்கு எரியும், சத்தம் வராது. மூன்று, நான்கு நொடி கழித்து உள்ளிருந்து ‘க்ளிக்’ என்று கேட்கும். அது ரிலே என்னும் காந்த ஸ்விட்ச். உள்ளே எல்லாம் அடங்கியதா என்று பார்த்த பிறகுதான் அது ஸ்பீக்கருக்கான கதவைத் திறக்கிறது. அணைத்தால் முதல் வேலையாகக் கதவைச் சாத்திவிடும். நடுவில் ஆம்ப்ளி பழுதாகி, ஒரே திசையில் தள்ளும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பப் பார்த்தாலும் சாத்திவிடும். கம்ப்யூட்டரோடு சேர்க்கும் மலிவான ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இந்தக் கதவுக்காரர் இருக்க மாட்டார். அங்கே நீங்கள்தான் கதவுக்காரர். முதலில் கம்ப்யூட்டர், கடைசியில் ஸ்பீக்கர்.

எங்கள் தாத்தா வீட்டு வால்வ் ரேடியோவுக்கு இந்தக் கதவே தேவைப்படவில்லை. அந்த ரேடியோவைப் போட்டால் உடனே பாடாது. கண்ணாடிக் குழல்களுக்குள் ஓர் இழை சிவந்து, அதன் சூட்டில் ஓர் உலோகக் குழாய் எலக்ட்ரான்களைக் கொதித்து வெளியே விட வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகும். செய்திக்கு முன்பே தாத்தா போய் ரேடியோவைப் ‘பழுக்கப்’ போட்டுவிட்டு, வெற்றிலை மடிக்க உட்காருவார். பாட்டு தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி மெல்ல மெல்ல உயர்ந்து வரும். அவசரமாக எழுப்பப்படாத எதுவும் கத்திக்கொண்டு எழாது என்பதற்கு அந்த ரேடியோ ஒரு சாட்சி.

ஸ்விட்ச் போடும் கணத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஸ்பீக்கர் பக்கம் இல்லை, சுவர் பக்கம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை அலைபோல ஏறி இறங்கும் மாறுதிசை மின்சாரம். அலையின் உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடும். வற்றிப்போன பெரிய தொட்டிகளோடு ஓர் ஆம்ப்ளி விழிக்கும்போது, அந்த முதல் கணத்தில் அது தாகம் எடுத்த யானை மாதிரி. வழக்கமாகக் குடிப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே உறிஞ்சில் உறிஞ்சும். சில வீடுகளில் பெரிய செட்டைப் போட்டதும் விளக்கு ஒரு கண் சிமிட்டுமே, அதுதான் இது. இந்த உறிஞ்சலைத் தாங்க, உள்ளே மெதுவாக உருகும் ஃப்யூஸ் ஒன்றைப் போட்டிருப்பார்கள். பலவற்றில் தெர்மிஸ்டர் என்று ஒரு குட்டிக் கறுப்பு வில்லையும் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது மின்னோட்டத்தைத் தடுத்துப் பிடிக்கும். சூடானதும் வழிவிடும். அணைத்துவிட்டு உடனே மறுபடி போட்டால் அந்த வில்லை இன்னும் சூடாகவே இருக்கும், தடுக்காது. அதனால் ஸ்விட்சை டக் டக் என்று போட்டு அணைத்து விளையாடாதீர்கள். அணைத்தால் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், போடும் கணத்தில் ‘டப்’ என்று போனதும் இதே கதைதான். குளிர்ந்த இழையின் தடை, எரியும் இழையின் தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் கணத்தில் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாயும். ஏற்கெனவே மெலிந்த இழை அங்கே அறுந்துவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் லிவர்மோர் ஊரில் ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அங்கே எரியும் ஒரு பல்பு முதன்முதலில் போடப்பட்டது 1901இல். நூறு ஆண்டைத் தாண்டிய அந்தப் பல்பை அணைத்துப் போட்டது மிகச் சில தடவைகள்தான். 2013இல் அதற்கு மின்சாரம் கொடுத்துவந்த கருவி பழுதாகி ஒருநாள் அணைந்தபோது, பல்பே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்தக் கருவியைத் தவிர்த்து வேறு வழியில் மின்சாரம் கொடுத்ததும் பல்பு மறுபடி எரிந்தது. இப்போது அது தருவது சுமார் 4 வாட் மங்கல் வெளிச்சம்தான். அவ்வளவு குறைந்த சூட்டில் எரிவதும் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம்.

அதற்காக உங்கள் வீட்டு செட்டையும் நூறு வருடம் அணைக்காமல் வைக்காதீர்கள்! பாடாமல் சும்மா விழித்திருக்கும் ஒரு செட் 5 வாட் குடித்தால், வருடம் முழுவதும் சேர்த்து 44 யூனிட் கணக்கில் ஏறிவிடும். கேட்டு முடித்ததும் அணைத்துவிடுவதே சரி. முறையாக அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரண்ட் கட் ஆகும் நேரம்தான் நாம் கோட்டைவிடும் இடம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஸ்விட்சை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுகிறோம், தெரு முழுக்கப் போயிருக்கிறதா என்று பார்க்க. கரண்ட் திரும்பி வரும்போது எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழிக்கும். முன் பின் என்ற வரிசையே இருக்காது. தெருவில் இருக்கிற ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாம் அதே கணத்தில் கிளம்புவதால் மின்னழுத்தமும் தள்ளாடும். பாட்டிமார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், நல்ல விஞ்ஞானம் அது. கரண்ட் போனதும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு லைட்டை மட்டும் போட்டு வைப்பார்கள். அந்த லைட் எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. அது நிலையாக எரிகிறதா என்று ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டு மற்றவற்றைப் போடலாம்.

பிளக் விஷயத்திலும் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. சுவரில் செருகாமல் கிடக்கும் ஒரு மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே தனியாக நிற்கும் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். அதுதான் எர்த் பின். நீளமாக இருப்பதால் செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். மந்திரிக்கு நேர் எதிர். இவர் காவல்காரர். மற்றவர்கள் வருவதற்கு முன் வந்து நின்று, எல்லாரும் போன பிறகுதான் கிளம்புவார். கருவியின் இரும்பு உடம்பில் தப்பித் தவறி மின்சாரம் கசிந்தால், அது உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் நேரே மண்ணுக்குப் போக இவர்தான் வழி செய்கிறார். அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுவதும், எர்த் துளையில் குச்சியைச் செருகித் திறந்து இரண்டு பின் பிளக்கை நுழைப்பதும் காவல்காரரை அடித்து விரட்டும் வேலை. சில செட்டுகள் பிறக்கும்போதே இரண்டு பின்னோடுதான் வரும். அவற்றின் பின்பக்கத்தில் சதுரத்துக்குள் சதுரம் என்று ஒரு குறி இருக்கும். இரட்டைக் காப்பு போட்டிருக்கிறது, எர்த் தேவையில்லை என்று அதற்குப் பொருள்.

டி.வி.டி. பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை நிறச் சின்னப் பின்களைப் பாருங்கள். இங்கே வரிசை தலைகீழ். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி பாட்டைக் கொண்டுபோவது. சுற்றியிருக்கும் வளையம்தான் இங்கே தரை. செருகும்போது ஊசி முதலில் தொட்டுவிடும், வளையம் பிறகுதான் வரும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஊசிக்குத் துணை இல்லை. ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள மின்சார முணுமுணுப்பை எல்லாம் பிடித்து ஆம்ப்ளிக்குக் கொடுக்கும். ‘உர்ர்ர்ர்’ என்று ஸ்பீக்கர் உறுமுவது அதனால்தான். இந்தப் பின்னை இப்படி வடிவமைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது, இனி என்ன செய்ய? ஆம்ப்ளியை அணைத்துவிட்டுத்தான் இந்த வயர்களைச் செருகவோ பிடுங்கவோ வேண்டும்.

இடி மின்னல் நேரத்தில் மட்டும் மேலே சொன்ன வரிசை எதுவும் போதாது. ஸ்விட்சை அணைப்பது என்றால் கம்பிக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவது. மேகத்திலிருந்து தரைவரை தாண்டுகிற மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டா? வானம் கறுத்ததுமே செட்டை முறைப்படி அணைத்து, பெரியவர்களைக் கொண்டு பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் பிளக் பக்கம் போகாதீர்கள். செட் போனால் போகட்டும். வேறு நாட்களிலும் பிளக்கை எடுக்கும்போது ஈரக்கை கூடாது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

மைக் செட் அண்ணனுக்கு இப்போது வயதாகிவிட்டது. போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். அவர் மகன் லேப்டாப்பில் பாட்டு போடுகிறார். மேசையில் டேப் செட் இல்லை, ஆம்ப்ளியும் இளைத்துக் கையடக்கமாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். மகன் முதலில் லேப்டாப்பைப் போட்டார், பிறகு மிக்ஸர். கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கடைசியில் ஆம்ப்ளி. வேப்பமரத்தில் ஒரு காக்கைகூட அசையவில்லை.

இன்றைக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் வீட்டு டி.வி.யோ ஸ்பீக்கர் செட்டோ, சுவர் ஸ்விட்சை அணைத்த பிறகு அதன் முன்விளக்கு முழுதாக அணைய எத்தனை நொடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். அதன் சத்தம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும், என்ன கருவி என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டு செட்டுக்கு விளக்கு அணைய பதினோரு நொடி.